சீனிக்குப் பதில் ஸ்வீட்னர் போட்டு எட்டு மாதம், எடை 82இல் நிற்கிறது: ஏன்?

கேள்வி: கடலோரம், வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது, உயரம் 158 சென்ரிமீற்றர். கடந்த பெப்ரவரியில் கிளினிக்கில் நிறை பார்த்தபோது 84 கிலோ. வெறும்வயிற்றுச் சீனி 112, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. "இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் வாசற்படிக்கு வந்துவிட்டீர்கள்" என்று டொக்டர் சொன்னார். அப்பாவுக்கு நீரிழிவால் காலில் இரண்டு விரல்களை எடுத்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என்னுடைய பெரிய பழக்கம் தேத்தண்ணிதான். விடிய ஐந்தரைக்கு ஒன்று, கோட்டையில் அலுவலகத்தில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும், வீட்டுக்கு வந்ததும் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று. எல்லாமே பால்தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. கிளினிக்கால் வந்த அன்றே சீனியை நிறுத்தினேன். காலி வீதியில் ஒரு பாமசியில் சுக்ரலோஸ் என்ற ஸ்வீட்னர் குளிசை டப்பா வாங்கி, கோப்பைக்கு இரண்டு போடத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதத்தில் 82க்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஆறு மாதமாக அதே 82. போன கிழமை எடுத்த எச்பிஏ1சி 6.0.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் பின்னேர ரயிலில் வெள்ளவத்தையில் இறங்கினால் நேரே வீடுதான். இப்போது ஷோர்ட் ஈட்ஸ் கடை வாசம் அடித்தால் கால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மீன் ரோல்ஸ், சில நாள் இரண்டு. மூன்று மணித் தேத்தண்ணிக்குப் பிறகுதான் அந்தப் பசி தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. இது என் மனப்பிரமையா, உண்மையா?

கனடாவில் இருக்கும் தம்பி, "உலக சுகாதார ஸ்தாபனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அது இன்சுலினைக் கூட்டும், குடலில் உள்ள கிருமிகளைக் கெடுக்கும்" என்று ஒரு கட்டுரை அனுப்பினான். அலுவலகத்தில் ஒருவர் புற்றுநோய் வரும் என்கிறார். பாமசியில் கேட்டால் பயமே இல்லை என்கிறார்கள். தம்பி அனுப்பியதை வாசித்தால் அதில் சோதித்தது ஆரோக்கியமான ஆட்களை. என்னைப் போல உடம்பு உள்ளவர்களில் யாராவது சோதித்துப் பார்த்தார்களா? எனக்குத் தெரியவேண்டியது அதுதான். குளிசையைத் தொடரவா, நிறுத்தவா?

பதில்: பழைய றலி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, எனக்கு 67 வயது, நீரிழிவு வந்து பதினெட்டு வருடம். அனுபவத்தை மட்டும் சொல்கிறேன், விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பிறகு வந்து சொல்லட்டும்.

பன்னிரண்டு வருடம் சேர்ட் பொக்கற்றில் குளிசை டப்பாவோடு திரிந்தேன். இரத்தத்தில் சீனி ஏறாமல் இருக்க அது கைகொடுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எடை ஒரு கிலோ அசையவில்லை. தேத்தண்ணியில் சீனி இல்லை என்ற தைரியத்தில் மற்ற இடங்களில் என் கை தாராளமாகிவிட்டது என்று இப்போது விளங்குகிறது. நாக்கும் மாறவில்லை. அதே கடுமையான இனிப்பைத்தான் தினமும் கேட்டது.

மனைவி காலமான பிறகு எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றப் பழகினேன். அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிசையைக் குறைத்தேன். நாலு மாதம் எடுத்தது. இப்போது இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணிதான், இனிப்பே இல்லை. ஒரு எச்சரிக்கை: யாராவது "பனங்கட்டி கடித்துக் குடி, அது இயற்கை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பனங்கட்டித் துண்டோடு குடித்த நாளையும் சீனி போட்டுக் குடித்த நாளையும் என் குளுக்கோமீற்றரில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கித்துள் கருப்பட்டியும் அப்படித்தான்.

பதில்: அளவுக்கரண்டி

கடலோரம் அக்கா, நான் போசணைத் துறையில் வேலை செய்கிறேன். உங்களைப் பரிசோதித்த டொக்டரின் இடத்தில் நின்று பேசவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி மிகவும் சரியான கேள்வி. பெரும்பாலானோர் கேட்காமல் விடுவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களைப் போன்றவர்களில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வு அது. 17 பேர்தான். எல்லோருக்கும் உடற்பருமன், யாருக்கும் நீரிழிவு இல்லை, வழமையாக ஸ்வீட்னர் பாவிப்பவர்களும் இல்லை. ஒரு நாள் தண்ணீர், இன்னொரு நாள் சுக்ரலோஸ் கரைத்த தண்ணீர் குடிக்கக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்தார்கள். கிளினிக்கில் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருக்கச் சொல்வார்களே, அதே பரிசோதனைதான். சுக்ரலோஸ் குடித்த நாளில் இரத்தச் சீனியின் உச்சம் கூடியது, இன்சுலின் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகச் சுரந்தது. அதாவது அதே குளுக்கோஸைச் சமாளிக்க கணையம் அதிகம் வேலை செய்தது. இனிப்பை உணரும் வாங்கிகள் நாக்கில் மட்டுமல்ல, குடலிலும் இருக்கின்றன. அவை தூண்டப்படுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

தம்பி சொன்னது இதோடு ஒட்டி வருகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். அது ஒரே ஒரு வேளைச் சோதனை. அதுவும் ஸ்வீட்னருக்குப் பின்னால் ஒரு பெரிய அளவு குளுக்கோஸ் வந்தபோது நடந்தது. சுக்ரலோஸைத் தனியே குடித்தால் இரத்தச் சீனி ஏறுவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான இன்னொரு ஆய்வும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. மெலிந்த, ஆரோக்கியமான ஆட்கள் இரண்டு வாரத்தில் ஏழு தடவை குடித்தார்கள். சுக்ரலோஸ் மட்டும் குடித்தவர்களில் மாற்றம் இல்லை. மாவுச்சத்தோடு சேர்த்துக் குடித்தவர்களில் இன்சுலினுக்கு உடம்பு பணிவது குறைந்தது. தேத்தண்ணியோடு பிஸ்கட் தொட்டுச் சாப்பிடும் நாங்கள் யோசிக்கவேண்டிய இடம் இது. இரண்டுமே சிறிய ஆய்வுகள் என்பதையும் மறக்கவேண்டாம்.

குடல் கிருமிகள் பற்றித் தம்பி அனுப்பியது, இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கவேண்டும். 120 பேர், இரண்டு வாரம். சக்கரின் என்ற இன்னொரு ஸ்வீட்னரோ சுக்ரலோஸோ எடுத்தவர்களில் குளுக்கோஸ் தாங்கும் சக்தி குறைந்தது, ஆனால் எல்லோரிலும் ஒரே மாதிரி இல்லை. ஒருவரின் குடலில் ஏற்கெனவே எந்தக் கிருமிகள் இருந்தன என்பதைப் பொறுத்து மாறியது. நீங்கள் சொன்னது சரி, அவர்கள் நீரிழிவில்லாத ஆரோக்கியமான ஆட்கள்.

ஸ்வீட்னர் என்பது ஒரே பொருள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில், அதிக எடையோ பருமனோ உள்ளவர்களை 12 வாரம் வெவ்வேறு இனிப்புப் பானங்கள் குடிக்கவைத்தார்கள், 2019இல் முடிவு வந்தது. சீனிப் பானம் குடித்தவர்களுக்கும் சக்கரின் குடித்தவர்களுக்கும் எடை கூடியது. சுக்ரலோஸ் குடித்தவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே உங்கள் டப்பாவில் சுக்ரலோஸ் இருப்பது ஒன்றும் மோசமான தெரிவல்ல.

பசிக்கு வருகிறேன். அதைப் பிரமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. 2025இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 75 பேரில் செய்த ஆய்வு வெளிவந்தது. சாதாரண எடை, அதிக எடை, பருமன் என்று மூன்று வகையினரும் அதில் இருந்தார்கள். சுக்ரலோஸ் பானம் குடித்தபின், சீனிப் பானம் குடித்தபோதைவிட, மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலமஸ் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடியது. பசியும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். சீனி உள்ளே போனால் குளுக்கோஸ் ஏறும், இன்சுலினும், குடலில் சுரந்து பசியைத் தணிக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோனும் கூடும், "சாப்பாடு வந்தது" என்று மூளைக்குச் செய்தி போகும். சுக்ரலோஸில் நாக்கு இனிப்பு என்று சொல்கிறது, பின்னால் எந்தச் செய்தியும் வருவதில்லை. உங்கள் மூன்று மணித் தேத்தண்ணிக்கும் ஐந்து மணி ரோல்ஸுக்கும் நடுவில் இருப்பது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இருக்கலாம் என்று சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி கீழே சொல்கிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் சொன்னது, உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கு இவற்றை நம்பவேண்டாம் என்பது. தடை அல்ல, நிபந்தனையுள்ள பரிந்துரை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. பழைய றலி ஐயா கவனிக்க. அவர்கள் தொகுத்த சோதனைகளில் ஸ்வீட்னர் எடுத்தவர்களுக்கு எடை சராசரியாக முக்கால் கிலோகூட இறங்கவில்லை. அதேநேரம் மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அதிகம் பாவித்தவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் ஏற்கெனவே எடை கூடியவர்கள்தானே ஸ்வீட்னரைத் தேடிப் போகிறார்கள்? நோயால் ஸ்வீட்னரா, ஸ்வீட்னரால் நோயா என்பதை அந்த வகை ஆய்வால் பிரிக்கமுடியாது. பரிந்துரையை நிபந்தனையுள்ளதாக வைத்ததற்கு இதுவும் காரணம்.

புற்றுநோய்ப் பயம் அஸ்பார்ட்டேம் என்ற வேறொரு ஸ்வீட்னர் பற்றியது, உங்கள் குளிசை அது அல்ல. 2023 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை "ஒருவேளை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அதே நேரத்தில் உணவில் சேர்க்கும் பொருட்களை மதிப்பிடும் மற்றக் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி எல்லையை மாற்றத் தேவையில்லை என்றது. இந்த ஒன்றைப் பற்றி நீங்கள் நித்திரை இழக்கவேண்டாம்.

எங்கள் பழக்கத்துக்கு மிக நெருக்கமானது சென்னை ஆய்வு. மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தில் டொக்டர் மோகன் குழுவினர் செய்து 2024இல் வெளியிட்டார்கள். நீரிழிவு உள்ள 179 பேர், 12 வாரம். ஒரு பகுதியினர் தேநீர், கோப்பியில் போடும் சீனியை மட்டும் சுக்ரலோஸாக மாற்றினார்கள். எச்பிஏ1சி கூடவுமில்லை, குறையவுமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் மிகச் சிறிதளவு குறைந்தன. உங்களுடைய 6.1, 6.0ஐப் பார்த்தபோது எனக்கு உடனே இந்த ஆய்வுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, உங்கள் கணக்கு. பத்துக் கரண்டி சீனி, கரண்டிக்கு 5 கிராம் என்றால் 50 கிராம், 200 கலோரி. அது ஒவ்வொரு நாளும் குறைந்திருக்கிறது, அதனால்தான் முதல் இரண்டு மாதம் இறங்கியது. எண்ணெயில் பொரித்த மீன் ரோல்ஸ் ஒன்று, அளவைப் பொறுத்து, அந்த 200ஐத் தனியாகவே தொட்டுவிடும். ஆனால் நீங்கள் தினமும் ரோல்ஸ் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் இடிக்கிறது. அதனால் ஒன்று கேட்கிறேன்: பால்மா எத்தனை கரண்டி போடுகிறீர்கள்? சீனி போட்ட காலத்தில் எத்தனை, இப்போது எத்தனை? கண்ணால் பார்த்துச் சொல்லாமல் தராசில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில்: தெஹிவளை 29

எல்லோரும் ஸ்வீட்னரில் பெரிய பலன் இல்லை என்பதுபோலப் பேசுகிறீர்கள், எனக்கு அப்படி இல்லை. நான் தேத்தண்ணி ஆள் இல்லை, சோடா ஆள். தினமும் ஒரு லீற்றர் கோலா, இரவு வேலையில் அதுதான் துணை. 2016இல் இருந்து போத்தலில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள்தானே, அதைப் பார்த்துப் பச்சைக்கு மாறினேன். ஒரு லீற்றரில் 100 கிராமுக்கு மேல் சீனி. அதை வெட்டியதும் மூன்று மாதத்தில் 5 கிலோ போனது, வேறு எதையும் மாற்றவில்லை. தண்ணீர் குடி என்று அம்மா ஐந்து வருடமாகச் சொன்னார், என்னால் முடியவில்லை. இது முடிந்தது.

பதில்: அளவுக்கரண்டி

தெஹிவளைத் தம்பி, நீங்கள் சொல்வதும் சரி. அதிக எடை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு லீற்றர் பானம் கொடுத்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. சீனிக் கோலா குடித்தவர்களுக்கு ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு கூடியது. டயற் கோலா குடித்தவர்களுக்கும் தண்ணீர் குடித்தவர்களுக்கும் அப்படிக் கூடவில்லை. 400 கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காதவருக்குப் பலன் தெரியத்தான் செய்யும். பச்சை வட்டம் சீனியை மட்டும் சொல்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். அமிலம் அப்படியே இருக்கிறது, இரவு முழுக்க அதைக் குடித்தால் பல்லுக்குக் கூடாது.

பதில்: கடலோரம்

நேற்று இரவு இதை எழுத முடியவில்லை, மனம் சரியில்லை.

அம்மா கேக் அடிக்க வைத்திருந்த சின்னத் தராசை எடுத்தேன். என்னுடைய ஒரு கரண்டி பால்மா, நான் அள்ளுகிற அதே மாதிரி அள்ளினால், 9 கிராம். சீனி போட்ட காலத்தில் கோப்பைக்கு இரண்டு போட்டேன், அது நிச்சயம். இப்போது மூன்று. எப்போது மூன்றானது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். குளிசை போட்ட தேத்தண்ணி எனக்குத் தண்ணியாக இருந்தது. இனிப்பு இருந்தது, ஆனால் வாயில் ஒரு கனம் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த மாமி, "தேத்தண்ணி என்ன வெளிறிக் கிடக்கிறது" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு கரண்டி கூடப் போடத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். எடை நின்றதும் அந்த மாதம்தான்.

பைக்கற்றில் 100 கிராமுக்கு 500 கலோரிக்குக் கிட்ட என்று போட்டிருக்கிறது. வீட்டில் குடிக்கும் மூன்று கோப்பைக்கு மட்டும் 27 கிராம் கூடுதல், 135 கலோரி. அலுவலகத்தில் கலந்து தருகிற தேத்தண்ணியில் எவ்வளவு என்று தெரியாது. அதோடு ரோல்ஸ். எட்டு மாதம் நான் குளிசையைச் சந்தேகித்தேன், தம்பி அனுப்பியதை எல்லாம் பயந்து பயந்து வாசித்தேன், பால்மா டின்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பதில்: அளவுக்கரண்டி

அக்கா, மனம் உடைய இதில் ஒன்றுமில்லை. சீனி இனிப்பை மட்டுமல்ல, ஒரு தடிப்பையும் தரும். அது போனால் கை வேறொன்றைத் தேடும். நீங்கள் தராசில் வைத்துப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

சீனிக்குத் திரும்பாதீர்கள். பால்மாவை இரண்டு மட்டமான கரண்டிக்குக் கொண்டுவாருங்கள். கொழுப்பு நீக்கிய பால்மா பிடித்தால் அது 100 கிராமுக்கு 360 கலோரி அளவில் வரும். பசிக்குச் சோதனை இது: இரண்டு கிழமைக்கு மூன்று மணித் தேத்தண்ணியை மட்டும் இனிப்பே இல்லாமல் வெறுந்தேத்தண்ணியாகக் குடித்து, கூட ஒரு கைப்பிடி அவித்த கடலை சாப்பிடுங்கள். அடுத்த இரண்டு கிழமை அதே கடலையோடு குளிசை போட்ட வெறுந்தேத்தண்ணி. ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில் இறங்கும்போது பசி எப்படி என்று போனில் ஓர் எண் குறித்துவையுங்கள், பத்துக்கு எத்தனை என்று. உங்கள் உடம்பில் சுக்ரலோஸ் பசியைத் தூண்டுகிறதா என்பதற்கு அந்த எண்களில் ஓரளவு பதில் இருக்கும். இந்தக் குறிப்பைக் கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள். 6.0 என்பது இன்னும் அதே வாசற்படிதான், மருந்து தொடங்குவதா இல்லையா என்பதை டொக்டரிடமே கேளுங்கள்.

பதில்: கடலோரம்

திங்கட்கிழமை தொடங்குகிறேன். கடலை ஊறப்போட அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழைய றலி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மற்ற நாலு கோப்பைக்கும் குளிசையை ஒன்றரையாகக் குறைக்கப் பார்த்தேன். கத்தியை வைத்தால் தூளாகிச் சிதறிவிடுகிறது. நீங்கள் எப்படி உடைத்தீர்கள்?

பதில்: பழைய றலி, கொட்டாஞ்சேனை

உடைக்கவில்லை தங்கச்சி. காலையில் இரண்டு கோப்பைக்குச் சேர்த்து ஒரு சாடியில் தேயிலைச் சாயம் ஊற்றி, நாலு குளிசை போடுகிற இடத்தில் மூன்று போடுவேன். ஒரு கோப்பை அப்போதே, மற்றது ஃபிளாஸ்கில் பத்து மணிக்கு. அடுத்த மாதம் இரண்டு, அதற்கடுத்த மாதம் ஒன்று. கடைசி ஒன்றை விடத்தான் கஷ்டமாக இருந்தது. அந்த மாதம் இஞ்சியைக் கொஞ்சம் கூடத் தட்டினேன்.